பங்குத் தரகர்: டிஸ்கவுன்ட் செயலியா, வங்கியா, முழுச்சேவை நிறுவனமா?

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது எந்தப் பங்கை வாங்கலாம் என்று. அடுத்துக் கேட்பது எந்தத் தரகரிடம் கணக்குத் தொடங்கலாம் என்று. முதல் கேள்விக்கு நான் வாய் திறப்பதில்லை. இரண்டாவதற்குப் பதில் உண்டு, ஆனால் கேட்பவர் யார் என்று தெரிய வேண்டும். மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி அப்படியே விட்டுவிடுகிற ஆசிரியை, துபாயில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே முதலீடு செய்பவர், ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வழிகாட்ட மாட்டார்களா என்று பார்ப்பவர் ஆகிய மூவருக்கும் ஒரே நிறுவனத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை. அதனால் தரகர்களை இங்கே வகைவகையாக எடைபோடுகிறேன். உங்கள் வகை எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தரகர் இல்லாமல் முடியாதா?

முடியாது. என்எஸ்இ, பிஎஸ்இ என்ற இரு பெரிய பங்குச் சந்தைகளிலும் அவற்றின் வர்த்தக உறுப்பினர்கள் மட்டுமே ஆர்டர் போடலாம். அந்த உறுப்பினர்கள், சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நாம் அவர்கள் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

காகிதப் பங்குகள் இருந்த காலத்தில் தரகருக்கு வேலை நிறையவே இருந்தது. சென்னை செகண்ட் லைன் பீச்சில் இயங்கிய மெட்ராஸ் பங்குச் சந்தையின் தரகர்கள் ஆள் தேடினார்கள், விலை பேசினார்கள், மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று நிறுவனம் திருப்பி அனுப்பினால் மறுபடியும் அலைந்தார்கள். 1994இல் என்எஸ்இயின் கணினித் திரை வந்தது. 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து, காகிதம், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் எண்களாக மாறியது. இப்போது வாங்குபவரையும் விற்பவரையும் கணினி பொருத்திவிடுகிறது. பணமும் பங்கும் கைமாறுவதற்கு கிளியரிங் கார்ப்பரேஷன் பொறுப்பேற்கிறது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலைநாளிலேயே கணக்குத் தீர்கிறது. மெட்ராஸ் பங்குச் சந்தையும் 2015இல் விடைபெற்றுவிட்டது.

வேலை குறைந்ததும் கட்டணம் சரிந்தது. ஆனால் தரகு நிறுவனங்கள் ஏழையாகிவிடவில்லை. வருமானம் வரும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தரகரைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மொத்தச் செலவு. தரகுக் கட்டணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. வட்டி, ஆண்டுப் பராமரிப்பு, பங்கை விற்கும்போது டீமேட்டிலிருந்து அதை எடுப்பதற்குப் பிடிக்கப்படும் டிபி கட்டணம், தொலைபேசியில் ஆர்டர் சொன்னால் தனிக் கட்டணம் என்று வரிசை நீளும். இரண்டாவது, நம் பணம் யாருடைய கணக்கில் தூங்குகிறது என்பது. மூன்றாவது, தரகர் எதில் சம்பாதிக்கிறார் என்பது. நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால்தான் அவருக்கு லாபம் என்றால், அவருடைய ஆலோசனையும் செயலியும் அறிவிப்புகளும் உங்களை அந்தப் பக்கமே தள்ளும். நான்காவது, சிக்கல் வரும்போது பேசுவதற்கு ஆள் கிடைப்பாரா என்பது. இந்த நான்காவதை இளைஞர்கள் குறைத்தும் பெரியவர்கள் கூட்டியும் மதிப்பிடுகிறார்கள்.

விளம்பரங்கள் செயலியின் அழகையும் கணக்குத் தொடங்கும் வேகத்தையும்தான் பேசும். இரண்டுக்கும் நான் மதிப்பெண் தருவதில்லை. கணக்கை ஒருமுறைதான் தொடங்குகிறோம்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு என்ன செலவு

ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி டீமேட் கணக்கில் வைத்திருந்து, அதே ஒரு லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி டீமேட்டில் வாங்கி வைப்பதற்கு டெலிவரி என்று பெயர். எந்தத் தரகரிடம் போனாலும் மாறாத செலவுகள் சில உண்டு. பங்குப் பரிவர்த்தனை வரி எனப்படும் எஸ்டிடி இரு பக்கமும் 0.1 சதவீதம் வீதம் 200 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அதாவது 15 ரூபாய். பங்குச் சந்தைக் கட்டணமும் செபி கட்டணமும் அவற்றின் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய 7 ரூபாய். ஆக மொத்தம் 222 ரூபாய். மற்றதெல்லாம் தரகரைப் பொறுத்தது. டிபி கட்டணத்தை எல்லோருக்கும் 16 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன்.

| தரகரின் கட்டண முறை | தரகும் அதன் ஜிஎஸ்டியும் (ரூ.) | மாறாத செலவு (ரூ.) | டிபி (ரூ.) | மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|---|
| டெலிவரிக்குத் தரகு இல்லை | 0 | 222 | 16 | 238 |
| ஆர்டருக்கு 20 ரூபாய் | 47 | 222 | 16 | 285 |
| 0.3 சதவீதம் | 708 | 222 | 16 | 946 |
| 0.5 சதவீதம் | 1,180 | 222 | 16 | 1,418 |

முதல் இரண்டு வரிகள், ஆலோசனை இல்லாமல் குறைந்த கட்டணத்தில் ஆர்டரை மட்டும் நிறைவேற்றித் தரும் டிஸ்கவுன்ட் தரகர்களுக்கானவை. மூன்றாவது, ஆலோசனையும் கிளையும் தரும் முழுச்சேவைத் தரகரிடம் பேரம் பேசி வாங்கிய கட்டணம். நான்காவது, வங்கி சார்ந்த தரகர்கள் பலரிடம் நெடுங்காலமாக இருந்துவரும் பட்டியல் விலை. செபியின் விதிப்படி தரகு 2.5 சதவீதம் வரை போகலாம். அந்த உச்சவரம்பை இன்று பொதுவாக யாரும் எட்டுவதில்லை என்றாலும், கையெழுத்திடும் படிவத்தில் எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பட்டியலைப் பார்த்ததும் டிஸ்கவுன்ட் தரகர்தான் என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வாங்கிப் பத்து ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு 1,418 ரூபாய்க்கும் 238 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 118 ரூபாய்தான். மாதாமாதம் புரட்டுபவருக்கு அதே வித்தியாசம் முதலையே தின்றுவிடும்.

டிஸ்கவுன்ட் தரகர்

2010இல் பெங்களூரில் தொடங்கிய ஜெரோதா, ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டண முறையை இந்தியாவில் பரவலாக்கியது. 2015 டிசம்பரில் டெலிவரிக்குத் தரகே இல்லை என்று அறிவித்தது. குரோ, அப்ஸ்டாக்ஸ் போன்றவை பின்னால் வந்தன. கிளை அலுவலகம் இல்லை, ஆலோசகர் இல்லை, ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் வீட்டிலிருந்தபடியே கணக்கு. எந்தப் பங்கை வாங்குவது என்று தெளிவாக முடிவெடுத்து வைத்திருப்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

டெலிவரியில் சம்பாதிக்காத நிறுவனம் வேறு எதிலாவது சம்பாதித்தாக வேண்டும் அல்லவா? அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கும் இன்ட்ராடேயிலும், வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓவிலும் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆர்டருக்கு 20 ரூபாய் வரை வாங்குகிறார்கள். மார்ஜின் டிரேடிங் வசதியில் கடன் கொடுத்து வட்டி வாங்குகிறார்கள். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே காலத்தில் தனிநபர்கள் பரிவர்த்தனைச் செலவாக மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் கட்டியிருக்கிறார்கள், அதில் பாதிக்குச் சற்று மேல் தரகு. நீங்கள் இலவசமாக டெலிவரி எடுப்பதற்கான செலவில் ஒரு பகுதியை அவர்கள்தான் கட்டுகிறார்கள். கணக்குத் தொடங்கும்போது எஃப் அண்ட் ஓ பிரிவையும் சேர்த்து இயக்கச் சொல்லி செயலி கேட்கும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து, கண்ணில் படாத செலவுகள். டிபி கட்டணம் ஒரு நாளில் விற்கும் ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் தனித்தனியாக விழும், தொகை எவ்வளவு சிறியதானாலும். 500 ரூபாய்ப் பங்கு ஒன்றை விற்றால் 16 ரூபாய் என்பது 3 சதவீதத்துக்கு மேல். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குபவரிடம் 2,000 ரூபாய்க்கு வாங்கினால் ஜிஎஸ்டியுடன் 1.18 சதவீதம் போகும். இப்படிச் சில்லறையாக வாங்குபவருக்குச் சதவீதக் கணக்கில் வாங்கும் தரகரே மலிவு, குறைந்தபட்சத் தரகு என்று எதுவும் வைக்காதிருந்தால். ஆனால் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள். இன்ட்ராடேயில் வாங்கியதை அன்றைக்கே நீங்களே விற்று முடிக்காமல் விட்டால், சந்தை மூடும் முன் தரகர்களே முடித்துவிட்டு அதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள்.

இலவசம் நிரந்தரமும் அல்ல. பங்குச் சந்தைகள் எல்லாத் தரகர்களிடமும் ஒரே சீரான கட்டணம் வாங்க வேண்டும் என்று செபி ஆணையிட்டது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அதிக வியாபாரம் தந்த தரகர்களுக்குச் சந்தைகள் சலுகை கொடுத்துவந்தன, அந்த மிச்சம் தரகரின் பெட்டிக்குப் போனது. அது நின்ற மறுமாதமே ஏஞ்சல் ஒன் என்ற டிஸ்கவுன்ட் தரகர் டெலிவரிக்கும் தரகு வாங்கத் தொடங்கியது.

வங்கி சார்ந்த தரகர்

சேமிப்புக் கணக்கு, டீமேட், வர்த்தகக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஐசிஐசிஐ டைரக்ட் இந்த வழியில் நடக்கிறது. எச்டிஎஃப்சி, கோட்டக், எஸ்பிஐ ஆகியவற்றின் தரகுப் பிரிவுகளும் உண்டு.

இதன் பெரிய பலம் இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. ஆர்டர் நிறைவேறும் வரை பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கும், வட்டியும் வரும். மற்றத் தரகர்களிடம் முதலில் பணத்தை அனுப்பிவிட்டுத்தான் வாங்க வேண்டும். பயன்படாத தொகையை மாதத்துக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ திருப்பித்தர வேண்டும் என்பது விதி என்றாலும், அதுவரை அதற்கு வட்டி கிடையாது. சந்தை இறங்கட்டும் என்று இரண்டு, மூன்று லட்சத்தை மாதக்கணக்கில் தயாராக வைத்திருப்பவருக்கு இது கவனிக்க வேண்டிய தொகை. யுபிஐ வழியாகப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைத்து வாங்கும் வசதியும் இப்போது வந்திருப்பதால், இந்த வேறுபாடு மெல்லக் குறைந்துவருகிறது.

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு வங்கி வழி பெரும்பாலும் பொருத்தமானது. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகள், ரிசர்வ் வங்கி விதிகள், வரிப் பிடித்தம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்கவுன்ட் தரகர்கள் இவர்களிடம் உள்நாட்டு வாடிக்கையாளரைவிட அதிகமாக வாங்குவதால், அங்கே மிச்சமும் பெரிதாக இல்லை. பங்குகளில் இன்ட்ராடே செய்ய இவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அந்தக் கவர்ச்சியும் விலகுகிறது.

பலவீனம் கட்டணம்தான். குறைந்த கட்டணத் திட்டங்கள் வங்கித் தரகர்களிடமும் இருக்கின்றன. பழைய வாடிக்கையாளர் கேட்காதவரை யாரும் தாமாக வந்து மாற்றித்தர மாட்டார்கள். முன்பணம் கட்டினால் தரகு குறையும் என்ற திட்டங்களுக்குக் காலாவதித் தேதி உண்டா என்று கேளுங்கள். தேதி நெருங்கும்போது கட்டிய பணத்தை வீணாக்கக் கூடாது என்று தேவையில்லாமல் வாங்கி விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கி மேலாளருக்கு உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும் என்பதால், காப்பீட்டுப் பாலிசி விற்கும் அழைப்புகளும் கூடவே வரும்.

முழுச்சேவைத் தரகர்

ஆய்வறிக்கை, தொலைபேசியில் பேச ஒரு மேலாளர், ஊரில் ஒரு கிளை. இதற்காகத்தான் கூடுதல் கட்டணம். அந்த மேலாளருக்கு மாத இலக்கு உண்டு, அந்த இலக்கு உங்கள் லாபத்தை வைத்து அளக்கப்படுவதில்லை. எவ்வளவு தரகு வந்தது என்பதை வைத்துத்தான் என்பது பெரும்பாலான இடங்களில் நிலைமை.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் முதலீடு, அவர் சொல்படி மாதம் ஒருமுறை முழுவதையும் விற்று வேறு பங்குகள் வாங்குகிறீர்கள். மாதம் பத்து லட்சம் ரூபாய் வரவுசெலவு. 0.3 சதவீதத் தரகும் ஜிஎஸ்டியும் 3,540 ரூபாய். எஸ்டிடி 1,000, முத்திரைத் தீர்வை 75, சந்தைக் கட்டணங்கள் 36. ஆண்டுக்கு 55,800 ரூபாய், அதாவது முதலீட்டில் 11 சதவீதம். இதற்கு மேல்தான் உங்கள் லாபம் தொடங்கும். ஓராண்டுக்குள் விற்றதால் அந்த லாபத்துக்கும் 20 சதவீத வரி. இதே புரட்டலைத் தரகே வாங்காதவரிடம் செய்தாலும், டிபி கட்டணம் நீங்கலாக ஆண்டுக்கு 13,300 ரூபாய் போகும். ஆகவே மலிவான தரகர் இந்தப் பழக்கத்துக்கு மருந்தல்ல.

மியூச்சுவல் ஃபண்டையும் இவர்கள் வழியாக வாங்கினால் அது பெரும்பாலும் விற்பவருக்குக் கமிஷன் போகும் ரெகுலர் திட்டமாக இருக்கும். 2013 ஜனவரியிலிருந்து அந்தக் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் ஆண்டுச் செலவில் முக்கால் சதவீத வித்தியாசம் என்றால், பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய் ஓசையில்லாமல் கழியும். தரகுக் கட்டணத்துக்குப் பேரம் பேசுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், சில வேலைகளுக்கு நான் முழுச்சேவைத் தரகரைத்தான் பரிந்துரைப்பேன். தாத்தாவின் பெட்டியில் பழைய காகிதப் பங்குகள் கிடைத்திருக்கின்றன, வாரிசுகள் நால்வர், பெயரில் ஓரெழுத்து வித்தியாசம், சில பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டன என்றால், அது படிவங்களும் சான்றுகளும் கலந்த நீண்ட வேலை. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை இன்னொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது. டீமேட்டுக்குக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். இதை அனுபவமுள்ள ஒரு கிளை ஊழியர் முடித்துக்கொடுத்தால், அவர் வாங்கும் தரகு தகும். திரையைப் பார்க்கச் சிரமப்படும் முதியவருக்கும் இதுவே நல்லது. கட்டண விகிதத்தைப் பேசிக் குறைத்து எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், மேலாளர் சொல்லும் ‘இன்றைய வாய்ப்பு’களை மரியாதையாக மறுக்கவும் தெரிய வேண்டும்.

ஊரில் இருக்கும் முகவர்

சப் புரோக்கர் என்ற பழைய வகையை செபி 2019 மார்ச்சுடன் முடித்துவைத்தது. இப்போது இருப்பவர்கள் ஏதாவதொரு தரகு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட நபர்கள். கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் கடைத்தெருவில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர்கள் இவர்கள்தான். தெரிந்தவர், நல்ல மனிதர், நம் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர் எல்லாம் சரி. அவருடைய சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அவர் வாங்கவும் கூடாது. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்து ‘நீங்களே பார்த்துச் செய்யுங்கள்’ என்று விடுவது, நஷ்டம் வந்த பிறகு புகார் கொடுக்கும் வழியைப் பெருமளவு அடைத்துவிடும். மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று அவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். உறுதியான லாபம் தருவதாகச் சொல்லத் தரகருக்கு அனுமதியில்லை.

பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பா?

ஹைதராபாத்தின் கார்வி, நாடெங்கும் கிளைகள் கொண்ட பழைய முழுச்சேவை நிறுவனம். வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பொது அதிகாரப் பத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்களுடைய பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியதாக 2019 நவம்பரில் செபி அதன்மீது இடைக்கால ஆணை பிறப்பித்தது. தொகை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். ஓராண்டு கழித்து என்எஸ்இ அதை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது.

அதற்குப் பிறகு விதிகள் மாறின. 2020 செப்டம்பரிலிருந்து மார்ஜினுக்காக, அதாவது வியாபாரத்துக்கு ஈடாக, அடகு வைக்கும் பங்குகள் உங்கள் டீமேட்டிலேயே இருக்கும். பொது அதிகாரப் பத்திரத்தின் இடத்தில், விற்ற பங்கை எடுப்பது, அடகு வைப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் வரையறுக்கப்பட்ட டிடிபிஐ ஒப்புதல் 2022இல் வந்தது. அதைக்கூடக் கொடுக்காமல், விற்கும் ஒவ்வொரு முறையும் பின் எண்ணும் ஓடிபியும் கொண்டு ஒப்புதல் தரலாம். எப்போதாவது விற்பவருக்கு அந்தச் சிறு சிரமமே ஒரு பூட்டு. வாங்கிய பங்குகள் தரகரின் பொதுக் கணக்கில் தங்காமல் நேராக நம் டீமேட்டுக்கு வரும் முறையும் 2025இல் நடைமுறைக்கு வந்தது. தரகர் நொடித்துப்போனால் பங்குச் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி வரம்புக்கு உட்பட்டு ஈடு செய்யும். பங்கு விலை விழுந்ததற்கோ, தவறான ஆலோசனைக்கோ அது பொறுப்பாகாது.

தரகர் அனுப்பும் அறிக்கையோடு நின்றுவிடாமல், டீமேட் பங்குகளைக் காக்கும் டெபாசிட்டரிகளான சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையையும் திறந்து பாருங்கள். பங்கு இருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி.

யாருக்கு எது

சொந்தமாக முடிவெடுத்து நீண்டகாலம் வைத்திருப்பவருக்கு டிஸ்கவுன்ட் தரகர், எஃப் அண்ட் ஓ பிரிவை மூடிவைத்து. இந்தத் தொழிலிலேயே இறங்கி நாள்தோறும் வியாபாரம் செய்பவருக்கும் அதுவே, ஆனால் செயலி முடங்கும் நாளுக்காக வேறிடத்தில் இன்னொரு கணக்கு வேண்டும். வெளிநாட்டுவாசிகளுக்கும், பெரிய தொகையைத் தயாராக வைத்திருப்பவர்களுக்கும் வங்கி. வாரிசுச் சிக்கலுக்கும் முதியோருக்கும் கட்டணம் பேசி முடித்த முழுச்சேவை. பங்குகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்ள நேரமும் இல்லை என்பவருக்கு இந்த நான்கில் எதுவும் வேண்டாம். சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் திட்டத்தை ஃபண்ட் நிறுவனத்திடமே வாங்கலாம், தரகரே தேவையில்லை.

கடன் வாங்கிப் பங்கு வாங்கும் எண்ணம் இருந்தால், மேலே சொன்ன கட்டண ஒப்பீடெல்லாம் பயனற்றது. மூன்று லட்சத்தை 15 சதவீத வட்டிக்கு மூன்று மாதம் எடுத்தால் 11,250 ரூபாய். அப்போது ஒப்பிட வேண்டியது வட்டி விகிதத்தை மட்டுமே.

தவறான தரகரிடம் மாட்டிக்கொண்டதாக நினைப்பவர்கள் பங்குகளை விற்றுவிட்டு மாற வேண்டியதில்லை. விற்றால் வரி வரும். புதிய டீமேட்டைத் திறந்து, அதே பெயரில் பங்குகளை மாற்றிக்கொண்டு பழையதை மூடும் விண்ணப்பம் ஒன்று இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. பழையதை மூடாமல் விட்டால் இரண்டு இடத்தில் ஆண்டுக் கட்டணம் ஓடும். அத்துடன், நான்கு லட்சம் ரூபாய் வரையிலான முதலீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணமே இல்லாத அடிப்படைச் சேவைக் கணக்கும், முதல் பெயராக உங்களுக்கு ஒரே ஒரு டீமேட் இருந்தால்தான் கிடைக்கும். பங்குகளை வாங்கிய விலையும் தேதியும் புதிய கணக்கில் தாமாகத் தெரியாமல் போகலாம். மூடுவதற்கு முன் பழைய தரகரின் தளத்திலிருந்து வாங்கி விற்றதற்கான ரசீதுகளான கான்ட்ராக்ட் நோட்டுகளையும் லாப நட்ட அறிக்கையையும் ஆண்டுவாரியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.